லாரி டிரைவர் விபத்து: இழப்பீட்டு ஆணையை எதிர்த்து ஐகோர்ட்டில் பிரிவு 30 மேல்முறையீடு, எந்தெந்தக் காரணங்கள் நிற்கும்?

சங்ககிரி ஸ்டாண்டு (கேள்வி)

வணக்கம் தோழர்களே. சங்க உறுப்பினர் ஒருவருக்காகக் கேட்கிறேன். கேஸ் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், விவரம் விட்டுப்போயிருந்தால் கேளுங்கள்.

கனரக லாரி ஓட்டுநர். 11.03.2022 அன்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது விபத்து. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது 11 செ.மீ. விபத்தன்று 35 வயது முடிந்திருந்தது. ஓனரிடம் இருப்பது மூன்று வண்டிதான், இ.எஸ்.ஐ. கிடையாது. அதனால் அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் இ.சி. (ஊழியர் இழப்பீடு) மனு போட்டோம். 20.01.2025-ல் ஆணை வந்தது.

வேலையில் நடந்த விபத்துதான், பாலிசி நடப்பில் இருந்தது, காப்பீட்டு நிறுவனம்தான் கட்ட வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குச் சாதகம். தொகையில்தான் அடி. சம்பளம் 22,000 ரூபாயும் பேட்டாவும் என்று கேட்டிருந்தோம். ஓனர் குறுக்கு விசாரணையில் 18,000 கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். ஆணையர் "சம்பளச் சீட்டு இல்லை" என்று சொல்லி 8,000 எடுத்துக்கொண்டார். டாக்டர் சாட்சியில் "இனி கனரக வாகனம் ஓட்ட முடியாது" என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் சட்டத்தின் அட்டவணையைக் காட்டி ஊனம் 50 சதவீதம்தான் என்று முடித்துவிட்டார். மொத்தம் 4,72,944 ரூபாய். 30 நாளில் கட்டாவிட்டால் மட்டும் 12 சதவீத வட்டி. மருத்துவ பில் 1,36,000 ரூபாய்க்கு வைத்திருந்தோம், அதைப் பற்றி ஆணையில் ஒரு வரியும் இல்லை.

நகல் மனு 24.01.2025-ல் போட்டோம், நகல் தயாரானது 14.02.2025. மேல்முறையீட்டுக்கு 90 நாள் உண்டு என்கிறார்கள், சரியா? தொகை டெபாசிட் ஆகிவிட்டது. எடுத்தால் மேல்முறையீடு போய்விடுமா? ஓனர் போட்ட சம்பளம் தெரிகிற பேங்க் ஸ்டேட்மென்ட் இப்போதுதான் கிடைத்தது, அதை ஐகோர்ட்டில் வைக்கலாமா?

---

ஐகோர்ட் குமாஸ்தா

முதலில் நாள் கணக்கு. 90 நாள் என்பது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 173-ல். உங்களுடையது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பிரிவு 30, அதில் 60 நாள். லாரி கேஸ் என்றதும் இரண்டையும் குழப்பிக்கொண்டு 70-வது நாள், 80-வது நாள் வந்து நிற்பவர்கள் ஏராளம்.

ஆணை நாளை விட்டுவிட்டு எண்ணினால் 60-வது நாள் 21.03.2025. நகல் மனு போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை, இரண்டு நாளையும் சேர்த்து 22 நாள். அதைக் கூட்டினால் 12.04.2025. அன்று சனி, அடுத்து ஞாயிறு, 14-ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. 15-ஆம் தேதி செவ்வாய் வரை இழுக்கலாம் என்று சட்டம் சொல்லும். இழுக்காதீர்கள். நகலில் பின்பக்கம் இருக்கும் முத்திரைத் தேதிகள் (மனு போட்டது, ஸ்டாம்ப் தாள் கேட்டது, கொடுத்தது, நகல் தயாரானது) நீங்கள் சொல்லும் தேதிகளோடு பொருந்துகிறதா பாருங்கள். ஸ்டாம்ப் தாள் கேட்டும் தாமதமாகக் கொடுத்திருந்தால் அந்த இடைவெளியைக் கழித்துவிடுவார்கள். ஒருநாள் தாண்டினாலும் தாமத மன்னிப்பு மனு, அதற்குப் பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் என்று தனியாக ஒரு சுற்று ஓடும். அது முடியும்வரை மேல்முறையீட்டுக்கு நம்பரே விழாது.

சங்ககிரி இருப்பது மேற்கு மாவட்டத்தில் என்பதால் சென்னை முதன்மை அமர்வு. தேனி, திண்டுக்கல், கரூர், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை தொடங்கித் தெற்கே எல்லாம் மதுரைக் கிளை. வழக்கின் வகை சி.எம்.ஏ., அதாவது சிவில் மிசலேனியஸ் அப்பீல். மதுரையில் போட்டால் அதே சி.எம்.ஏ.வுடன் எம்.டி. என்று சேரும்.

மேல்முறையீட்டுக் கட்டுக்குள் போக வேண்டியது: சான்றிட்ட நகல் அசல், மேல்முறையீட்டுக் காரணங்கள், வக்காலத்து, டைப் செட் (கேஸ் ஆவணங்களைத் தட்டச்சிட்டுச் சேர்த்த தொகுப்பு). டைப் செட்டில் இ.சி. மனு, ஓனர் மற்றும் காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரைகள், எல்லாச் சாட்சிகளின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும், எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று, ஓட்டுநர் உரிமம், பாலிசி நகல், மருத்துவ பில்கள். தமிழில் இருக்கும் சாட்சியத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்துவிடுங்கள், நீதிபதி அந்த இடத்திலேயே படித்துவிடுவார். உங்கள் கேஸில் உயிர்நாடி இரண்டே பக்கம்: ஓனர் 18,000 என்று ஒப்புக்கொண்ட பக்கம், டாக்டர் ஓட்ட முடியாது என்ற பக்கம். டைப் செட் அட்டவணையில் அந்தப் பக்க எண்கள் தனியாகத் தெரிய வேண்டும்.

ரிட்டர்ன் (பிழை காட்டி ஐகோர்ட் அலுவலகம் கட்டைத் திருப்புவது) வருவதற்கு வழக்கமான காரணங்கள்: ஆணையில் உள்ள பெயரும் காஸ் டைட்டிலும் (மேல்முறையீட்டின் தலைப்பில் வரும் கட்சிக்காரர் பெயர்கள்) ஒரு எழுத்து மாறியிருப்பது, மேல்முறையீட்டு மதிப்பு எழுதாமல் விடுவது, 'சப்ஸ்டான்ஷியல் கொஸ்டின் ஆஃப் லா' (முக்கியமான சட்டக் கேள்வி) என்று தனித் தலைப்பு இல்லாதது. ரிட்டர்னில் கொடுத்த கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் மறுபடி கொடுப்பதில் ஏற்பட்ட தாமதத்துக்கு இன்னொரு மன்னிப்பு மனு. ஓனரின் முகவரியையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். "இடம் மாறிவிட்டார்" என்று நோட்டீஸ் திரும்பினால் மாதக்கணக்கில் அதிலேயே நிற்கும்.

---

பிரிவு முப்பது

மேலே குமாஸ்தா சார் தலைப்பு என்று சொன்னதுதான் இந்த வழக்கின் முழுப் பாரமும். பிரிவு 30-ன் முதல் நிபந்தனைப்படி முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இல்லாமல் மேல்முறையீடே கிடையாது. சர்ச்சையில் உள்ள தொகை குறைந்தது 10,000 ரூபாய் இருக்க வேண்டும் (2017 திருத்தத்துக்கு முன் அது 300 ரூபாய்). அந்தத் தொகை வரம்பில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சட்டக் கேள்வியில்தான் நிறைய அப்பீல்கள் கவிழ்கின்றன. கோல்லா ராஜண்ணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நேரடியானது: உண்மை விவரங்களில் ஆணையர் சொன்னதே கடைசி, ஐகோர்ட் சாட்சியத்தை மறுபடி எடைபோட முடியாது. ஆகவே "22,000 சம்பளத்தை ஆணையர் நம்பவில்லை, அது தவறு" என்று எழுதினால் முதல் நாளே முடிந்துவிடும்.

உங்கள் ஆணையில் நான் பார்க்கும் சட்டப் பிழைகள்.

சம்பளம்: 8,000 ரூபாய் என்பது எங்கிருந்து வந்தது? 31.05.2010 அறிவிப்பில் மத்திய அரசு வைத்த மாத ஊதிய உச்சவரம்பு அது. 03.01.2020 அறிவிப்பில் அது 15,000 ஆகிவிட்டது. விபத்து 2022-ல். விபத்து நாளில் நடப்பில் இருந்த சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது கேரள மின்வாரிய வழக்கு (1999) முதல் நிலைத்துவிட்டது; 2020-ல் சிவராமன் வழக்கில், அதுவும் தமிழ்நாட்டு வழக்கு, மறுபடி உறுதியானது. காலாவதியான அறிவிப்பைப் பயன்படுத்தியது சட்டப் பிழை, இதில் வாதமே இல்லை. "8,000 உச்சவரம்பாக எடுக்கவில்லை, சம்பளத்துக்குச் சான்று இல்லாததால் உத்தேசமாக எடுத்தது" என்று காப்பீட்டுத் தரப்பு சொல்லும். அதற்குத்தான் ஓனரின் ஒப்புதல். சம்பளம் கொடுத்தவரே 18,000 என்று சொன்ன பின் அதைப் பற்றி ஒரு வரியும் பேசாமல் 8,000 எடுத்தது, ஆதாரத்தைக் கண்ணில் காணாத முடிவு. ஆதாரமே இல்லாத முடிவும் சட்டக் கேள்விதான்.

உடனே ஒரு விஷயம். உச்சவரம்பு 15,000 என்பதால் 18,000-மா 22,000-மா என்ற சண்டை உங்களுக்கு ஒரு பைசா தராது. பேட்டாவும் அப்படியே. பிரிவு 2-ல் ஊதியம் என்பதன் விளக்கத்தில் பயணப்படியும் வேலையின் தன்மையால் வரும் சிறப்புச் செலவுக்கான தொகையும் சேராது என்று இருக்கிறது; பேட்டாவை இழுத்தால் எதிர்த்தரப்புக்கு வாதாட ஒரு இடம் கொடுத்ததாகும். இரண்டையும் விட்டுவிடுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இதே காரணத்தால் தேவையில்லை. புதிய ஆதாரம் வைக்க மனு போட்டால், ஏன் முன்பே வைக்கவில்லை என்ற கேள்வி வரும், கேஸ் மறுவிசாரணைக்குத் திரும்பவும் வாய்ப்பு உண்டு. ஓனரின் வாய்மொழி ஒப்புதல் கையில் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

ஊனம்: முழங்காலுக்குக் கீழே 8.89 செ.மீ.க்கு மேல் 12.70 செ.மீ.க்குள் எஞ்சியிருந்தால் முதல் அட்டவணை இரண்டாம் பகுதியில் 50 சதவீதம். அந்த வரியை ஆணையர் சரியாகத்தான் படித்திருக்கிறார். அதோடு நிறுத்தியதுதான் பிழை. பிரிவு 2(1)(எல்) முழு ஊனத்தை எப்படி விளக்குகிறது? விபத்து நடந்த நேரத்தில் அந்த ஆள் செய்யக்கூடியவராக இருந்த எல்லா வேலைக்கும் தகுதியிழப்பது. 1976 பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு 100 சதவீதம் என்றார்கள். ஒரு கையால் தச்சு வேலை நடக்காது. 2008 ஜனார்தன் வழக்கு உங்களுடையதை அப்படியே ஒத்தது: டேங்கர் ஓட்டுநர், முழங்கால் வரை கால் போனது, ஆணையர் 100 சதவீதம் கொடுத்தார், ஐகோர்ட் குறைத்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி 100 ஆக்கியது. கேள்வியை இப்படி எழுதுங்கள்: "கனரக வாகனம் ஓட்ட இயலாது என்ற மறுக்கப்படாத மருத்துவச் சாட்சியம் இருக்கையில், பிரிவு 2(1)(எல்)-ஐக் கருதாமல் அட்டவணைச் சதவீதத்தோடு நிறுத்தியது சட்டப்படி சரியா?" 'மறுக்கப்படாத' என்று எழுதும் முன் டாக்டரின் குறுக்கு விசாரணையைப் படியுங்கள். "செயற்கைக் கால் வைத்தால் ஓட்டலாமா" என்று கேட்டு, "மாற்றியமைத்த கார் ஓட்டலாம்" என்று பதில் வாங்கியிருப்பார்கள். அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம், அவர் வேலை கார் ஓட்டுவதல்ல. ஆனால் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்.

மருத்துவ பில்: 2009 திருத்தத்தில் வந்த பிரிவு 4(2ஏ), வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவைத் திருப்பித் தரச் சொல்கிறது. கேட்டும் பதில் சொல்லாமல் விட்டது தனிக் காரணம். பில்கள் சான்றாவணமாகக் குறியிடப்பட்டதா என்று மட்டும் பாருங்கள். குறியிடாமல் கேஸ் கட்டுக்குள் சும்மா கிடந்தால் இது பலவீனம்.

---

கட்டுக்கணக்கு

பிரிவு முப்பது சொன்னதை எண்ணில் போட்டுப் பார்க்கலாம். 35 வயதுக்கு நான்காம் அட்டவணைக் காரணி (வயதுக்கேற்ற பெருக்கெண்) 197.06. முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 சதவீதம்.

ஆணையர் போட்டது: 8,000 × 60% × 197.06 × 50% = 4,72,944.
சம்பளம் மட்டும் திருந்தினால்: 15,000 × 60% × 197.06 × 50% = 8,86,770.
சம்பளமும் ஊனமும் திருந்தினால்: 15,000 × 60% × 197.06 = 17,73,540.

அப்பீல் மதிப்பு கடைசித் தொகைக்கும் ஆணைத் தொகைக்கும் உள்ள வித்தியாசம், 13,00,596, அதோடு மருத்துவச் செலவு.

வட்டிதான் பலரும் கோட்டைவிடும் இடம். "30 நாளில் கட்டாவிட்டால் வட்டி" என்ற வாசகம் ஆணைகளில் அச்சடித்த மாதிரி வரும். இழப்பீடு எப்போது கொடுபட வேண்டியதாகிறது? ஆணை வந்த நாளில் அல்ல, விபத்து நடந்த நாளிலேயே. பிரதாப் நாராயண் வழக்கில் நால்வர் அமர்வு சொன்னது அது. இடையில் 2007-ல் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு ஆணை நாளிலிருந்து என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு வக்கீல்கள் வாதாடுவார்கள். 2012 சிபி ஜார்ஜ் வழக்கில் அது முன்னுதாரணம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். 17,73,540-க்கு 12 சதவீதச் சாதாரண வட்டி வருடத்துக்கு 2,12,825. 11.04.2022 முதல் ஆணை நாள் வரை மட்டுமே ஏறக்குறைய 5,90,500 ரூபாய். ஆணையர் கொடுத்த அசலைவிட அதிகம்!

---

பிரிவு முப்பது

வட்டியில் ஒரு சின்ன மாறுபாடு. கட்டுக்கணக்கு ஒரு மாதம் கழித்து 11.04.2022-லிருந்து போட்டிருக்கிறார், பிரிவு 4ஏ(3)-ன் சொற்களைப் படித்தால் அப்படித்தான் வரும். ஆனால் சிபி ஜார்ஜில் விபத்து நாளிலிருந்தே என்றார்கள். "விபத்து நாள் முதல், மாற்றாக அதிலிருந்து ஒரு மாதம் முடிந்த நாள் முதல்" என்று கேளுங்கள். வித்தியாசம் ஒரு மாத வட்டி, 17,735 ரூபாய். கேட்காததைக் கொடுக்கமாட்டார்கள்.

வட்டியும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பே, வேத் பிரகாஷ் கார்க் வழக்கு (1997). தாமதத்துக்கான 50 சதவீதம் வரையிலான அபராதம் மட்டும் ஓனர் தலையில். அதற்கு ஓனருக்குக் காரணம் கேட்கும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். உங்கள் கேஸில் அது நடந்ததாகத் தெரியவில்லை, ஓனர் உண்மையைச் சொன்னவர் வேறு. அதை இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

---

சங்ககிரி ஸ்டாண்டு

ரொம்ப நன்றி தோழர்களே. பார்த்துவிட்டேன்: மருத்துவ பில்கள் சான்றாவணமாகக் குறியிட்டிருக்கின்றன. டாக்டர் குறுக்கு விசாரணையில் செயற்கைக் கால் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், "இலகு வாகனம் ஓட்டிப் பழகலாம், கனரகம் முடியாது" என்று பதில். டெபாசிட் தொகை பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, 8,000 என்பது எழுத்துப் பிழை மாதிரிதானே, ஆணையரிடமே திருத்த மனு போட்டால் ஐகோர்ட் செலவு மிச்சம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார்.

---

ஐகோர்ட் குமாஸ்தா

திருத்த மனு வேண்டாம். 1924 விதிகளில் விதி 32-ன்படி ஆணை சொன்ன பின் ஆணையர் திருத்தக்கூடியது எழுத்துப் பிழையும் கூட்டல் பெருக்கல் பிழையும் மட்டும். 197.06 என்பதை 179.06 என்று அடித்திருந்தால் அங்கே போகலாம். உங்கள் ஆணையில் பெருக்கல் சரியாக இருக்கிறது, எடுத்துக்கொண்ட எண்தான் தவறு. அதை அவர் தொட முடியாது. மனு தள்ளுபடியாகி வெளியே வரும்போது 60 நாளும் போயிருக்கும்.

டெபாசிட்டை எடுக்கலாம், எடுப்பதுதான் நல்லது. ஆனால் தொகை கேட்கும் மனுவில் "கூடுதல் தொகைக்கான மேல்முறையீட்டு உரிமைக்குப் பங்கமின்றி" என்று ஒரு வரி கட்டாயம். கையெழுத்து வாங்க எதிர்த்தரப்பு மெமோ ஏதாவது நீட்டினால், அதில் "முழுத் திருப்தி", "இறுதித் தீர்வு" மாதிரிச் சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் போடக் கூடாது. ஆணையரின் முடிவுக்குக் கட்டுப்படுவதாக இருதரப்பும் ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது என்பது பிரிவு 30-லேயே இரண்டாவது நிபந்தனை. கைநாட்டு வைக்கும் ஆட்களிடம் இது அடிக்கடி நடக்கிறது.

காப்பீட்டு நிறுவனமும் தனியாக அப்பீல் போடலாம். அவர்கள் போட வேண்டுமானால் முழுத்தொகையும் கட்டியதாக ஆணையரின் சான்று இணைக்க வேண்டும், தொழிலாளிக்கு அந்த நிபந்தனை இல்லை. டெபாசிட் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஆக அவர்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது. ஐகோர்ட்டில் ஒரு கேவியட் போட்டுவையுங்கள், 90 நாளுக்குச் செல்லும். உங்களைக் கேட்காமல் தடையாணை வாங்க முடியாது. அவர்கள் அப்பீல் போடட்டும், அதில் குறுக்கு ஆட்சேபம் (அவர்கள் அப்பீலுக்குள்ளேயே நம் கோரிக்கையை வைப்பது) போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்கள் போடவே இல்லை என்றால்?

---

கட்டுக்கணக்கு

செலவு பற்றி. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, பிரிவு 12-ன்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு, வருமான வரம்பு அவருக்குப் பொருந்தாது. சென்னையில் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்க வேண்டும். ஊனச் சான்று நகல், ஆதார், ஆணை நகல் போதும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். வக்கீல் நியமனமாகி வர நாளாகும் என்பதால் மனுவை இந்த வாரமே கொடுங்கள். தேதி நெருங்கினால், சுருக்கமாகவேனும் காரணங்களைத் தாக்கல் செய்துவிட்டு டைப் செட்டைப் பின்னால் சேர்க்கலாம்.

மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போயிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்று யாராவது சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 167 இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இ.சி.யில் ஆணை வாங்கியபின் அந்தக் கதவு மூடிவிட்டது, அதற்காக நாள் கடத்தாதீர்கள்.

---

பிரிவு முப்பது

டாக்டர் பதில் உங்களுக்குச் சாதகம், "கனரகம் முடியாது" என்பது குறுக்கு விசாரணையிலேயே வந்துவிட்டது. மேலே நான் எழுதிக் கொடுத்த கேள்வியில் 'மறுக்கப்படாத' என்பதை எடுத்துவிட்டு 'குறுக்கு விசாரணையிலும் நிலைத்த' என்று போடுங்கள். மருத்துவச் செலவுக்கு வேண்டுகோளை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: ஐகோர்ட்டே 1,36,000 வழங்க வேண்டும், முடியாவிட்டால் அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் ஆணையருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். 'அந்த ஒரு தலைப்புக்கு மட்டும்' என்பது விட்டுப்போனால் மொத்த வழக்கும் கீழே போய் முதலிலிருந்து தொடங்க இடமாகிவிடும்.